கலந்த வாயுக்களின் மொத்த அமுக்கம்: வெள்ளவத்தை வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் மேல்மாடியில் உயர்தர இரசாயனவியல் வகுப்பு நடத்துகிறேன். வாயுக்கள் அலகு தொடங்கும் மாதத்தில் கைபேசிக்கு வரும் குரல்பதிவுகளில் பாதி பகுதியமுக்கம் பற்றியதாகவே இருக்கும். ஒரே பதிலை நாற்பது தடவை சொல்லிக் களைத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைப் பிள்ளைகள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். சூத்திரங்களைக் குறியீடாகப் போடாமல் சொற்களில் எழுதியிருப்பது வேண்டுமென்றேதான். சமன்பாட்டை மூச்சுவிடாமல் ஒப்புவிக்கிற பிள்ளையிடம் "இதில வாறது எந்தப் பாத்திரத்தின்ர கனவளவு?" என்று கேட்டால் கூரையைப் பார்க்கிறது.

மிஸ், தாற்றன் விதியை ஒரு வசனத்தில சொல்லுங்கோ.

ஒன்றோடொன்று தாக்கம் புரியாத வாயுக்கள் ஒரு பாத்திரத்தில் கலந்திருந்தால், ஒவ்வொரு வாயுவும் அதே வெப்பநிலையில் அந்தப் பாத்திரம் முழுவதையும் தனியே நிரப்பியிருந்தால் என்ன அமுக்கத்தைத் தருமோ, அவற்றின் கூட்டுத்தொகையே மொத்த அமுக்கம். அந்தத் தனி அமுக்கத்துக்குத்தான் பகுதியமுக்கம் என்று பெயர்.

இந்த வசனத்தில் "தாக்கம் புரியாத", "அதே வெப்பநிலையில்", "பாத்திரம் முழுவதையும்", "தனியே" என்ற நாலு சொல்லுக்கும் கீழே பென்சிலால் கோடு போடுங்கள். கீழே வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த நாலில் ஒன்றை மறந்ததால் வந்தவை.

ஒரு வாயு மற்ற வாயுவைக் கண்டுகொள்ளாம எப்பிடி மிஸ் இருக்கும்? மூலக்கூறுகள் முட்டுப்படாதா?

முட்டுப்படும், நன்றாகவே முட்டுப்படும். ஆனால் இலட்சிய வாயுவில் மூலக்கூறுகளுக்கிடையே கவர்ச்சியும் இல்லை, அவற்றின் சொந்தக் கனவளவும் கணக்கில் வராது. முட்டும்போது சக்தி கைமாறுகிறதே தவிரத் தொலைவதில்லை. ஒரே வெப்பநிலையில் எந்த வாயுவின் மூலக்கூறுக்கும் சராசரி இயக்கசக்தி ஒன்றுதான். பாரமான ஒட்சிசன் மெதுவாக வந்து சுவரில் மோதும், இலேசான ஈலியம் வேகமாக வந்து மோதும். கணக்குப் பார்த்தால் ஆளுக்கொரு பங்கு சமமாகவே வரும். அதனால் சுவருக்கு வந்து மோதுவது யார் என்பது தெரியாது, எத்தனை பேர் என்பதுதான் தெரியும்.

சுவாரசியம் என்னவென்றால், இந்த விதிக்குப் பெயர் தந்த ஆங்கில விஞ்ஞானி ஜோன் தாற்றனே இதற்குப் பிழையான காரணத்தைத்தான் வைத்திருந்தார். 1801இல் மஞ்செஸ்டரில் இந்த விதியை அவர் முன்வைத்தபோது, ஒரு வாயுவின் துணிக்கைகள் தம் இனத்தை மட்டுமே தள்ளும், பிற இனத்தைத் தள்ளாது என்று நினைத்தார். மூலக்கூற்று இயக்கக் கொள்கை உருப்பெற்று அவருடைய விடைக்குச் சரியான காரணம் சொல்ல அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் ஆயின. மனிதர் இந்தப் பக்கம் வந்ததே வானிலையில் இருந்த பைத்தியத்தால்தான். 1787இல் எழுதத் தொடங்கிய வானிலைக் குறிப்பேட்டை 1844இல் இறக்கும்வரை விடவில்லை. காற்றில் நீராவி எப்படி நிற்கிறது என்ற கேள்விதான் அவரைப் பகுதியமுக்கத்துக்குக் கொண்டுவந்தது. கொழும்புப் புழுக்கத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கும் நமக்கு அவர் தூரத்து உறவுக்காரர் மாதிரி.

சும்மா ஒரு சின்னக் கணக்கு செய்து காட்டுவீங்களா?

5 லீற்றர் பாத்திரம், 27 பாகை செல்சியஸ். உள்ளே 2.8 கிராம் நைதரசன், 3.2 கிராம் ஒட்சிசன், 0.4 கிராம் ஈலியம். மொத்த அமுக்கம் என்ன?

முதலில் கிராமை மூலாக்குங்கள். மூல் என்பது எத்தனை மூலக்கூறுகள் என்று எண்ணும் அலகு; கிராமை ஒரு மூலின் திணிவால் வகுத்தால் வரும். நைதரசன் 2.8 ÷ 28 = 0.1 மூல். ஒட்சிசன் 3.2 ÷ 32 = 0.1 மூல். ஈலியம் 0.4 ÷ 4 = 0.1 மூல். மொத்தம் 0.3 மூல். தனிவெப்பநிலை 300 கெல்வின்.

அமுக்கம் = மூல் எண்ணிக்கை × வாயு மாறிலி × தனிவெப்பநிலை ÷ கனவளவு. வாயு மாறிலி 8.314. அதை 300ஆல் பெருக்கினால் 2494. கனவளவை லீற்றரில் விட்டால் விடை கிலோபஸ்காலில் வரும். 0.3 × 2494 ÷ 5 = 149.6 கிலோபஸ்கால். ஒவ்வொரு வாயுவின் பகுதியமுக்கமும் அதில் மூன்றிலொன்று, ஏறக்குறைய 49.9.

ஈலியத்தின் திணிவு ஒட்சிசனின் எட்டிலொன்று, ஆனாலும் இருவரும் சமமாகவே தள்ளுகிறார்கள். அதைக் காட்டத்தான் இந்த எண்களைப் பொறுக்கினேன்.

இரசாயனவியல் வினாத்தாளுக்குக் கணிப்பான் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பது தெரியும்தானே. 300 கெல்வினில் மாறிலியும் வெப்பநிலையும் சேர்ந்தால் 2494, கிட்டத்தட்ட 2500. அதாவது அந்த வெப்பநிலையில் ஒரு மூல் வாயுவை 25 லீற்றரில் விட்டால் ஏறக்குறைய 100 கிலோபஸ்கால். இதை மனதில் வைத்துக்கொண்டால் விடை பத்து மடங்கு பிழைத்துப்போனதை ஒரு பார்வையிலேயே பிடித்துவிடலாம்.

திணிவு வீதம் தந்தா அதையே மொத்த அமுக்கத்தால பெருக்கலாமா?

கூடாது. பகுதியமுக்கம் = மூல் பின்னம் (மொத்த மூலில் அந்த வாயுவின் பங்கு) × மொத்த அமுக்கம். திணிவுப் பின்னத்துக்கு இங்கே வேலையில்லை.

ஈலியமும் ஒட்சிசனும் சம திணிவில் கலந்திருக்கின்றன, மொத்தம் 180 கிலோபஸ்கால் என்று வைப்போம். அவசரக்காரர் 90, 90 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். 32 கிராம், 32 கிராம் என்று எடுத்துப் பாருங்கள். ஈலியம் 8 மூல், ஒட்சிசன் 1 மூல். ஆகவே ஈலியம் 160, ஒட்சிசன் 20. கனவளவு வீதம் தந்திருந்தால் அது வேறு கதை. இலட்சிய வாயுவுக்குக் கனவளவு வீதமும் மூல் வீதமும் ஒன்றுதான், அப்படியே பெருக்கலாம்.

ரெண்டு குடுவையைக் குழாயால இணைச்சுத் திருகைத் திறந்தா, ரெண்டு அமுக்கத்தையும் கூட்டினாச் சரிதானே மிஸ்?

வருடம் தவறாமல் வரும் கேள்வி இது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இடப்பக்கக் குடுவை 2 லீற்றர், அதில் ஒட்சிசன் 90 கிலோபஸ்கால். வலப்பக்கக் குடுவை 3 லீற்றர், அதில் நைதரசன் 150 கிலோபஸ்கால். வெப்பநிலை ஒன்று. திருகைத் திறக்கிறோம். 90 + 150 = 240 என்று எழுதினால், இரண்டு பக்கமும் இருந்த எதையும்விடக் கூடிய அமுக்கம் சும்மா திருகைத் திறந்ததால் வந்துவிட்டது என்று ஆகிறது. அப்படி நடக்குமென்றால் எரிபொருள் வரிசையில் ஒருவரும் நின்றிருக்கத் தேவையில்லை.

90 என்பது ஒட்சிசன் 2 லீற்றருக்குள் அடைபட்டிருந்தபோது தந்த அமுக்கம். திறந்த பிறகு அதற்கு 5 லீற்றர் கிடைக்கிறது. 90 × 2 ÷ 5 = 36. நைதரசனுக்கும் அப்படியே, 150 × 3 ÷ 5 = 90. இப்போதுதான் கூட்டலாம்: 126 கிலோபஸ்கால். விடை 90க்கும் 150க்கும் இடையில் விழுகிறதா என்று பாருங்கள். வெப்பநிலை மாறாமல், தாக்கமும் நடக்காமல் இருந்தால் அது இடையில்தான் விழவேண்டும்.

கூட்டுவதற்கு முன் இரண்டு வாயுவையும் ஒரே வீட்டுக்குக் குடியேற்ற வேண்டும். பழைய வீட்டு வாடகையைக் கூட்டிப் புது வீட்டு வாடகை என்று சொல்ல முடியாது.

குடுவைகள் ரெண்டும் வேற வேற வெப்பநிலையில இருந்தா?

இங்கேதான் நல்ல பிள்ளைகளும் வழுக்குவார்கள். குழாய் திறந்திருக்கும்வரை இரண்டு பக்கமும் மொத்த அமுக்கம் ஒன்றுதான், இல்லாவிட்டால் வாயு பாய்ந்துகொண்டே இருக்கும். மாறுவது ஒவ்வொரு பக்கத்திலும் உள்ள மூல் எண்ணிக்கை.

சம கனவளவுள்ள இரண்டு குடுவைகள், 300 கெல்வினில் 100 கிலோபஸ்கால். ஒன்றை 300இலேயே விட்டு மற்றதை 400 கெல்வினுக்குச் சூடாக்குகிறோம். மொத்த மூல் மாறவில்லை என்பதை எழுதுங்கள்: 100 ÷ 300 + 100 ÷ 300 = புது அமுக்கம் × (1 ÷ 300 + 1 ÷ 400). கனவளவும் வாயு மாறிலியும் இரு பக்கமும் வெட்டுப்பட்டுப் போகும். இடப்பக்கம் 2 ÷ 3, அடைப்புக்குள் 7 ÷ 1200. புது அமுக்கம் 800 ÷ 7, அதாவது 114.3 கிலோபஸ்கால். குளிர்ந்த பக்கத்துக்கும் சூடான பக்கத்துக்கும் மூல் விகிதம் 4:3. சூடான அறையிலிருந்து ஆட்கள் குளிர் அறைக்கு நகர்வது இயல்புதானே. வகுப்பிலும் மின்விசிறிக்குக் கீழேதான் கூட்டம்.

சராசரி வெப்பநிலை 350 என்று எடுத்தால் 116.7 வரும். கிட்டத்தில் இருப்பதால் சரிபோலத் தோன்றும், பிழை.

நீருக்கு மேலால சேகரிச்ச வாயுவில ஏன் எதையோ கழிக்கிறம்?

நீர் நிறைந்த சாடியைக் கவிழ்த்து வைத்து, மகனீசியமும் அமிலமும் தந்த ஐதரசனைச் சேகரிக்கிறீர்கள். குமிழி ஒவ்வொன்றும் நீருக்குள்ளால்தான் ஏறுகிறது. மேலே போய்ச் சேரும்போது அது தனி ஐதரசனாக இருப்பதில்லை, நீராவியால் நிரம்பிய ஐதரசன். உள்நீர்மட்டமும் வெளிநீர்மட்டமும் ஒன்றானால் உள்ளே மொத்த அமுக்கம் வளிமண்டல அமுக்கத்துக்குச் சமன். ஆகவே உலர் வாயுவின் அமுக்கம் = வளிமண்டல அமுக்கம் − அந்த வெப்பநிலையில் நீரின் நிரம்பலாவியமுக்கம் (நீராவி நிரம்பி நிற்கும்போது அது தரும் அமுக்கம்).

நான் உயர்தரம் படித்த காலத்தில் எங்கள் செய்முறை வகுப்பில் இருந்த அட்டவணை 20 பாகைக்கானது. யாரோ குளிர்நாட்டுப் புத்தகத்திலிருந்து பிரதியெடுத்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அதில் 2.3 கிலோபஸ்கால். அன்றைக்கு அறை வெப்பமானி 30ஐக் காட்டிக்கொண்டிருந்தது, நான் 2.3ஐயே கழித்தேன். 30 பாகையில் அது 4.24, கிட்டத்தட்ட இரட்டிப்பு. என் விடை ஏன் எப்போதும் கூடவே வருகிறது என்று ஒரு கிழமை மண்டையை உடைத்தேன். அதனால் கொழும்புக்கு உதவுகிற பெறுமானங்களைச் சொல்லிவிடுகிறேன்: 25 பாகையில் 3.17, 27 பாகையில் 3.57, 30 பாகையில் 4.24, உடல் வெப்பநிலையான 37 பாகையில் 6.28 கிலோபஸ்கால்.

கணக்கு: 27 பாகை, வளிமண்டலம் 101.3, சேகரித்த கனவளவு கால் லீற்றர். உலர் ஐதரசன் 101.3 − 3.6 = 97.7. மூல் = 97.7 × 0.25 ÷ 2494 = 0.0098. கழிக்காமல் விட்டிருந்தால் 0.0102. நாலு வீதம் அளவில் பிழை. பல்தேர்வில் அந்தப் பிழை விடையும் தெரிவுகளில் ஒன்றாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

உள்நீர்மட்டம் வெளியைவிட உயர்ந்திருந்தால் அந்த நீர்நிரலின் அமுக்கத்தையும் கழிக்க வேண்டும். 13.6 சென்ரிமீற்றர் நீர், 1 சென்ரிமீற்றர் இரசத்துக்கு (பாதரசத்துக்கு) சமன், அதாவது 1.33 கிலோபஸ்கால். சாடியை மேலும் கீழும் நகர்த்தி மட்டங்களைச் சமப்படுத்திவிட்டால் இந்தத் தலையிடியே இல்லை.

அந்த ஈர வாயுவை அரைவாசிக் கனவளவுக்கு அமுக்கினா மொத்த அமுக்கம் ரெட்டிப்பாகுமா?

ஐதரசன் இரட்டிப்பாகும், நீராவி ஆகாது. நீராவி ஏற்கெனவே நிரம்பிவிட்டது. அமுக்கினால் மேலதிகம் துளியாகக் கண்ணாடியில் படியும். வெப்பநிலை மாறாதவரை 3.6 அப்படியே 3.6. ஆகவே 97.7 × 2 + 3.6 = 199.0. பிள்ளைகள் எழுதுவது 202.6. வித்தியாசம் சின்னதுதான். ஆனால் விளங்கின பிள்ளையையும் விளங்காத பிள்ளையையும் பிரித்துக்காட்ட அது போதும்.

மழைக்கு முதல் காத்து கனமா இருக்கே, நீராவி சேர்ந்ததாலயா?

கனமாக இருப்பதுபோல் நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் ஈரக்காற்று உலர்காற்றைவிட இலேசு.

30 பாகை, சாரீரப்பதன் 80 வீதம், அதாவது நிரம்பலாவியமுக்கத்தில் 80 வீதம் நீராவி இருக்கிறது என்று வையுங்கள், கொழும்பில் அது அதிசயமில்லை. நீராவியின் பகுதியமுக்கம் 4.24 × 0.8 = 3.4 கிலோபஸ்கால். மொத்தம் 101.3 என்றால் உலர்காற்றுக்கு மிச்சம் 97.9. நீராவி உள்ளே வந்தபோது அதே அளவு நைதரசனும் ஒட்சிசனும் வெளியே போயிருக்கின்றன. ஒரு மூல் நீராவி 18 கிராம், ஒரு மூல் உலர்காற்று ஏறக்குறைய 29 கிராம். பாரமானது போய் இலேசானது வந்தால் அடர்த்தி குறையத்தானே வேண்டும்? இந்த எண்களுக்கு ஒரு வீதத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் குறைகிறது.

புழுக்கம் தெரிவதற்குக் காரணம் வேறு. தோலில் உள்ள வியர்வை ஆவியாவதற்கு, வெளிக்காற்றின் நீராவி அமுக்கம் தோலருகே உள்ளதைவிட நன்றாகக் குறைந்திருக்க வேண்டும். அந்த இடைவெளி சுருங்கச் சுருங்க வியர்வை காயாது, கொடியில் போட்ட பள்ளிக்கூடச் சட்டையும் காயாது. ஒக்டோபரில் என் வீட்டு மாடிப்படியில் எப்போதும் ஏதாவது ஒரு துணி தொங்குவதற்கும் பகுதியமுக்கம்தான் காரணம்.

நுவரெலியாவில ஒட்சிசன் குறைவு எண்டு சொல்லினம். ஆனா 21 வீதம்தானே எல்லா இடமும்?

வீதம் மாறாது, மொத்தம் மாறுகிறது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வளிமண்டல அமுக்கம் சுமார் 81 கிலோபஸ்கால். 0.21 × 81 = 17. கொழும்பில் 0.21 × 101 = 21.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, எனக்கு மிகப் பிடித்தது. மூச்சாக உள்ளே போகும் காற்று சுவாசக்குழாயிலேயே 37 பாகைக்குச் சூடாகி நீராவியால் நிரம்பிவிடும். அந்த 6.3 கிலோபஸ்கால் மலையிலும் ஒன்று, மரைன் டிரைவிலும் ஒன்று, ஏனென்றால் அது உடல் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. கொழும்பில் (101 − 6.3) × 0.21 = 19.9. நுவரெலியாவில் (81 − 6.3) × 0.21 = 15.7. வெளியே பார்த்தால் ஐந்திலொரு பங்கு குறைவு, உள்ளே அதைவிடக் கொஞ்சம் கூடவே குறைகிறது. மலையேறி முதல் நாள் படியில் மூச்சு வாங்குவதற்கு இந்தக் குறைவும் ஒரு காரணம். மிச்சத்துக்கு உங்கள் உடற்பயிற்சிப் பழக்கத்தைக் கேளுங்கள்.

வீட்டு காஸ் சிலிண்டர் பாதி முடிஞ்சா அமுக்கமும் பாதியா மிஸ்?

இந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளைக்கு அன்றைக்கு ஒரு பேனை பரிசு கொடுத்தேன். இந்த அலகில் படித்த சமன்பாட்டை எங்கே போடக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வீட்டில் இல்லை.

சிலிண்டரை ஆட்டிப் பாருங்கள், உள்ளே திரவம் அலையும். 12.5 கிலோகிராமில் பெரும்பகுதி திரவம், மேலே கொஞ்ச இடத்தில் ஆவி. அடுப்பைப் பற்றவைத்தால் ஆவி போகும், திரவத்திலிருந்து புது ஆவி எழும். திரவம் ஒரு கரண்டி இருந்தாலும் அது தன் ஆவியமுக்கத்தைத் தந்துகொண்டே இருக்கும். அதனால் அமுக்கத்தைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது, தராசில்தான் வைத்துப் பார்க்க வேண்டும்.

உள்ளே இருப்பது புரொப்பேனும் பியூற்றேனும். 30 பாகையில் தனிப் புரொப்பேனின் ஆவியமுக்கம் ஏறக்குறைய 10.8 பார், பியூற்றேனுடையது 2.8 பார். மொத்த ஆவியமுக்கத்தைக் கணிக்க இரண்டு விதிகள் கைகோக்க வேண்டும். திரவத்தில் உள்ள மூல் பின்னத்தை அந்தந்த ஆவியமுக்கத்தால் பெருக்குவது இரவோற்றின் விதி. வந்த பகுதியமுக்கங்களைக் கூட்டுவது தாற்றனின் விதி.

திரவத்தில் ஐந்திலொரு பங்கு புரொப்பேன் என்றால்: 0.2 × 10.8 = 2.16, 0.8 × 2.8 = 2.24, மொத்தம் 4.4 பார். சரிபாதி என்றால்: 5.4 + 1.4 = 6.8 பார். கலவை மாறியதால் மட்டும், அதே சிலிண்டர், அதே வெப்பநிலையில், அமுக்கம் ஒன்றரை மடங்குக்கும் மேல். 2021 கடைசி மாதங்களில் நாடு முழுக்க எரிவாயு வெடிப்பும் தீயும் செய்தியானபோது புரொப்பேன், பியூற்றேன் விகிதம் என்ற பேச்சு தேநீர்க்கடை வரைக்கும் வந்ததே, அந்தப் பேச்சின் அடியில் இருந்த கணக்கு இதுதான். அந்த மாதம் இந்தப் பாடத்தை வகுப்பில் எடுத்தபோது வழக்கமாகத் தூங்குகிற பின்வரிசையும் விழித்திருந்தது. பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் குழாயும் ரெகுலேற்றரும் எப்போது மாற்றியது என்று கேட்டிருக்கிறார்கள். சவர்க்கார நுரையைப் பூசிக் கசிவு பார்த்தேன் என்று ஒருவர் படம் அனுப்பினார். கணக்கைவிட அது பிரயோசனம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதற் கலவையில் ஆவியில் புரொப்பேனின் பங்கு 2.16 ÷ 4.4, கிட்டத்தட்டப் பாதி. திரவத்திலோ ஐந்திலொன்றுதான். ஆக, எரியத் தொடங்கும்போது புரொப்பேன்தான் முந்திக்கொண்டு வெளியேறும். போகப் போகத் திரவத்தில் பியூற்றேன் மிஞ்சும், அமுக்கமும் மெல்ல இறங்கும்.

தாக்கம் நடந்தா மொத்த அமுக்கத்தை எப்பிடிக் கணிக்கிறது?

ஒரே பாத்திரம், ஒரே வெப்பநிலை என்றால் பகுதியமுக்கமும் மூலும் ஒரே விகிதத்தில் போகும். ஆகவே மூலாக்கி மினக்கெடாமல் பகுதியமுக்கத்திலேயே ஈடுசெய்யலாம். காபனோரொட்சைட்டு 40, ஒட்சிசன் 30 கிலோபஸ்கால். இரண்டு காபனோரொட்சைட்டுக்கு ஒரு ஒட்சிசன் தேவை. தாக்கம் முடிந்து அதே வெப்பநிலைக்கு வந்ததும் ஒட்சிசனில் 20 செலவு, 10 மிச்சம். காபனீரொட்சைட்டு 40. மொத்தம் 50, முதலில் 70.

அமோனியா 60, ஐதரசன் குளோரைட்டு 45 என்று தந்து அறை வெப்பநிலையில் மொத்தம் கேட்டால் 105 என்று எழுதிவிடாதீர்கள். இரண்டும் சந்தித்தவுடன் வெண்புகை, அமோனியங் குளோரைட்டுத் திண்மம். மிச்சம் அமோனியா 15 மட்டும். "தாக்கம் புரியாத" என்ற சொல்லுக்குக் கோடு போடச் சொன்னது இதற்காகத்தான்.

சமநிலையில இருக்கிற கலவைக்குள்ள ஆகனைச் சேர்த்தா?

ஆகன் எதோடும் தாக்கம் புரியாத வாயு. கனவளவு மாறாவிட்டால் மொத்தம் ஏறும், தாக்கத்தில் பங்குபற்றும் வாயுக்களின் பகுதியமுக்கம் ஒன்றும் அசையாது, சமநிலையும் அசையாது. மொத்த அமுக்கத்தை மாறாமல் வைத்துச் சேர்த்தால் பாத்திரம் விரிய வேண்டும், மற்ற எல்லாருடைய பகுதியமுக்கமும் இறங்கும். அப்போது வாயு மூல் கூடிய பக்கம் சமநிலை நகரும். வினாவில் எது மாறிலி என்று எழுதியிருக்கிறது என்பதை முதலில் தேடுங்கள்.

அலகு குழப்புது.

1 வளிமண்டலம் = 101.3 கிலோபஸ்கால் = 760 மில்லிமீற்றர் இரசம். 1 பார் = 100 கிலோபஸ்கால். கிலோபஸ்காலும் லீற்றரும் ஒரு சோடி, பஸ்காலும் கனமீற்றரும் ஒரு சோடி. சோடி மாற்றிக் கட்டினால் விடை ஆயிரம் மடங்கு பறக்கும். வெப்பநிலை எப்போதும் கெல்வின். டயருக்குக் காற்றடிக்கிற கடையில் உள்ள மீற்றர் வளிமண்டலத்துக்கு மேலதிகமான அமுக்கத்தைத்தான் காட்டும். வாயுச் சமன்பாட்டில் போடுவதற்கு முன் அதோடு ஒரு வளிமண்டலத்தைக் கூட்ட வேண்டும். தட்டையான டயருக்குள்ளும் வெற்றிடம் இல்லைத்தானே.

மாமா மட்டக்களப்பில சுழியோடப் போறவர். 50 மீற்றருக்குக் கீழ போனா நைதரசன் தலைக்கு ஏறும் எண்டார், உண்மையா?

உண்மை. மட்டக்களப்புக் கடலில் 1942 ஏப்ரல் 9 அன்று மூழ்கிய எச்.எம்.எஸ். ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் ஏறக்குறைய 53 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. கடலில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டலம் கூடுகிறது என்று எடுத்தால், மேலே உள்ள காற்றோடு சேர்த்து அங்கே 6.3 வளிமண்டலம். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் நைதரசன் 0.79 × 6.3, கிட்டத்தட்ட 5 வளிமண்டலம். அந்த அளவில் அது மது குடித்ததுபோல் மயக்கும். ஒட்சிசன் 0.21 × 6.3 = 1.32. சுழியோடிகள் வழக்கமாக வைத்துக்கொள்ளும் எல்லை 1.4. அதைத் தாண்டினால் ஒட்சிசனே நஞ்சாகி வலிப்பு வரலாம். அதனால்தான் ஆழம் போகிறவர்கள் கலவையில் ஈலியத்தைச் சேர்த்து மற்ற இரண்டின் மூல் பின்னத்தையும் குறைக்கிறார்கள்.

சிலிண்டரில் 200 பாருக்கு அடைத்த காற்று இலட்சிய வாயுவாக நடக்குமா என்று யாராவது கேட்டால், முழுதாக நடக்காது, ஒரு சில வீதம் விலகும். பரீட்சைக்கு அது தேவையில்லை. மாமாவுக்குத் தேவை.

விடை சரி, ஆனா புள்ளி வெட்டிட்டாங்க. ஏன்?

பெரும்பாலும் அலகு எழுதாதது, அல்லது "வாயுக்கள் இலட்சிய முறையில் நடக்கின்றன" என்ற எடுகோளை எழுதாதது. சமன்பாடு, பிரதியீடு, விடை என்று மூன்று வரியில் போங்கள். ஒரே வரியில் எல்லாவற்றையும் அடைத்தால் பிழை எங்கே என்று உங்களுக்கே தெரியாது, திருத்துகிறவருக்கு எப்படித் தெரியும்?

காலிமுகத்திடல்ல தங்கச்சிக்கு வாங்கின ஈலிய பலூன் அடுத்த நாள் ஏன் விழுது? கட்டு அவிழவே இல்லையே.

பலூனுக்குள் மொத்த அமுக்கம் வெளியைவிடச் சற்றே கூட. ஆனால் இறப்பருக்கு மொத்தம் ஒரு பொருட்டில்லை, ஒவ்வொரு வாயுவும் தன் பகுதியமுக்கத்தின்படிதான் அதற்குள்ளால் நடக்கும். உள்ளே ஈலியம் 100 கிலோபஸ்காலுக்கு மேல். வெளிக்காற்றில் ஈலியம் பத்து இலட்சத்தில் ஐந்து பங்குதான், அரைப் பஸ்கால். ஆகவே ஈலியம் இறப்பரின் நுண்ணிய இடைவெளிகளால் இரவு முழுக்க வெளியேறுகிறது. நைதரசனுக்கும் ஒட்சிசனுக்கும் நிலைமை நேர்மாறு: வெளியே நிறைய, உள்ளே ஒன்றுமில்லை. அவை பாரமும் மந்தமும், இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வருகின்றன. காலையில் தங்கச்சியின் கட்டிலுக்கடியில் சுருங்கிக் கிடக்கும் பலூனுக்குள் இருப்பது மிச்ச ஈலியமும் சிறிதளவு கொழும்புக் காற்றும்.